சலுகையா, உரிமையா? – ஏற்றுமதி ஊக்கச் சீட்டும் நீதிமன்றங்களும்

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பறிக்கப்படும் கொழுந்து வாட்டப்பட்டு, அரைபட்டு, கறுத்துத் தேயிலையாகிக் கொழும்புக்குச் செல்லும்வரை நிகழ்வனவற்றை மலைநாட்டு மாணவர் பலரும் கண்ணாற் கண்டும் பெற்றோர் வாய்க் கேட்டும் அறிவர். கப்பலேறியபின் நிகழ்வன அத்துணை வெளிப்படையானவை அல்ல. சரக்குக் கடல் கடந்தபின் நாட்டினுள்ளே காகிதங்கள் சில நடமாடத் தொடங்குகின்றன. அவற்றுள் ஒன்று, ஏற்றுமதி செய்தவனுக்கு அரசாங்கம் வழங்கும் ஊக்கச் சீட்டாகும். அச்சீட்டு அரசாங்கத்தின் கொடையோ, அன்றி ஏற்றுமதியாளன் ஈட்டிய உரிமையோ என்னும் வினா அரை நூற்றாண்டுக்கு மேலாக நீதிமன்றங்களில் வாதிக்கப்பட்டு வந்துள்ளது. இதனைச் செல்வர் தமக்குள் இட்டுக்கொண்ட வழக்கென்று தள்ளிவிடலாகாது. 'இதனைச் செய், இவ்வளவு தருவேன்' என்று வலியவன் ஒருவன் சொல்ல, எளியவன் அதனை நம்பிச் செய்து முடித்தபின், வலியவன் கையை மடக்கிக்கொண்டால் சட்டம் யாது செய்யும் என்பதே இவ்வழக்குகளின் உட்பொருள். அஃது எல்லார்க்கும் பொருந்தும் வினாவாகும்.

முதலில் இச்சீட்டின் இயல்பை விளங்கிக்கொள்வோம். ஒருவன் நூறு இலட்சம் ரூபா பெறுமதியான பண்டத்தை வெளிநாட்டுக்கு அனுப்புகின்றான் எனக் கொள்வோம். ஊக்க வீதம் நூற்றுக்கு ஐந்தாயின் அவனுக்கு ஐந்து இலட்சம் ரூபா முகப்பெறுமதியுள்ள தீர்வை வரவுச் சீட்டுக் கிடைக்கும். அதனைக் காசாக்க வங்கிக்குச் செல்லவியலாது. பிறிதொருநாள் அவன் ஏதேனும் பொருளை இறக்குமதி செய்யும்போது சுங்கத்திலே செலுத்தவேண்டிய தீர்வைக்கு ஈடாக இச்சீட்டைக் கொடுக்கலாம். இந்தியாவில் 2015ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் 2020ஆம் ஆண்டு டிசெம்பர் வரை நடைபெற்ற பண்ட ஏற்றுமதி ஊக்கத் திட்டத்தின்கீழ் இச்சீட்டைப் பிறருக்கு விற்கவும் இடமிருந்தது. இறக்குமதி செய்யாத ஏற்றுமதியாளன் அதனை முகப்பெறுமதிக்குச் சற்றுக் குறைந்த விலைக்கு இறக்குமதியாளனிடம் விற்றுவிடுவான். திறைசேரியிலிருந்து ஒரு சதமேனும் வெளியே செல்வதில்லை. ஆயினும் வரவேண்டிய வருமானம் வாராதொழிகின்றது. கண்ணுக்குப் புலப்படாத செலவாதலின், அரசாங்கங்கள் இதனை எளிதில் அறிவிக்கின்றன. பின்னர்க் கணக்குப் பார்க்கும்போது திடுக்கிடுகின்றன. பெரும்பாலான வழக்குகள் அந்தத் திடுக்கீட்டிலேதான் பிறக்கின்றன.

காகிதத்துக்கு விலை ஏற்படும் இவ்விந்தை நம் மலைநாட்டுக்குப் புதியதன்று. 1929ஆம் ஆண்டை அடுத்த உலகப் பொருளாதார மந்தத்திலே தேயிலை விலை பெரிதும் வீழ்ந்தது. அதனைத் தடுக்கும்பொருட்டு இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்று நாடுகளின் உற்பத்தியாளரும் 1933ஆம் ஆண்டிலே சர்வதேசத் தேயிலை உடன்படிக்கையைச் செய்துகொண்டனர். 1929 முதல் 1931 வரையுள்ள ஆண்டுகளில் ஒவ்வொரு நாடும் செய்த மிகக்கூடிய ஏற்றுமதி அளவாகக் கொள்ளப்பட்டது. இலங்கைக்கு அது ஏறக்குறைய 25 கோடி இறாத்தல். முதலாண்டில் இவ்வளவில் நூற்றுக்கு எண்பத்தைந்தே அனுப்பலாம் என விதிக்கப்பட்டது. இவ்வரையறை தோட்டந்தோறும் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரிய பங்கு 'கூப்பன்' எனப்பட்ட சீட்டுகளாகக் கொடுக்கப்பட்டது. கூப்பன் இன்றித் தேயிலை கப்பலேறாது. அது கைமாறக் கூடியதாகவும் இருந்தது. ஆகவே கொழுந்து பறித்துத் தேயிலையாக்குவதிலும் கூப்பனை விற்பது சில சிறு நிலவுடைமையாளருக்கு எளிதாயிற்று! பண்டத்திலிருந்து அதனை அனுப்பும் உரிமை பிரிந்து, தானே ஒரு பண்டமாகிவிட்டது.

இன்றைய ஊக்கச் சீட்டு ஏற்றுமதியைப் பெருக்க வந்தது. அன்றைய கூப்பன் ஏற்றுமதியைக் குறைக்க வந்தது. நோக்கம் நேர்மாறாயினும் இரண்டுக்கும் அமைப்பு ஒன்றே. அதிகாரி ஒருவர் ஒருவனுடைய தகுதியை அளந்து எண்ணொன்றை எழுதுகின்றார், அவ்வெண் பணமாகின்றது. அளவு தவறென்று தோட்டம் கருதினால் யாரிடம் முறையிடுவது? தேயிலைக் கட்டுப்பாட்டதிகாரியை எதிர்த்துத் தோட்டக் கம்பனியொன்று இலங்கை உயர் நீதிமன்றத்தை அணுகிய வழக்கு 1941ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளிற் காணப்படுகின்றது. கட்டுப்பாட்டதிகாரி நீதிபதியைப் போன்று தீர்ப்பவரா, அன்றி வெறும் நிருவாக அலுவலரா என்பது அக்காலத்திலே பெரிய கேள்வியாக இருந்தது. நீதிபதியைப் போன்றவராயின் அவருடைய தீர்மானத்தை எழுத்தாணையால் நீக்கலாம். நிருவாகியாயின் நீதிமன்றம் கைகட்டி நிற்கவேண்டும்.

இக்கேள்விக்கு இலங்கையிலிருந்து சென்ற வழக்கொன்றிலே இலண்டன் கோமறைக் கழகம், அதாவது பிரிவிக் கவுன்சில், 1950ஆம் ஆண்டில் ஒரு விடை கூறிற்று. நக்குடா அலி வழக்கு என்று சட்டம் பயில்வோர் உலகெங்கும் அறிந்த வழக்கு இதுவே. யுத்தகாலத்திலே துணிக்கும் கூப்பன் முறை இருந்தது. வியாபாரி பெற்ற கூப்பன்கள் வங்கியில் ஒப்படைக்கப்படும். அவ்வேடுகளில் மோசடி நடந்ததென்று ஐயுற்ற துணிக் கட்டுப்பாட்டதிகாரி, நக்குடா அலி என்னும் வியாபாரியின் அனுமதிப் பத்திரத்தை நீக்கினார். றட்கிளிப் பிரபு வழங்கிய தீர்ப்பின் சாரம் இது: அதிகாரி நம்புவதற்கு நியாயமான காரணம் மெய்யாகவே இருத்தல் வேண்டும், 'நம்பினேன்' என்று சொன்னால் மாத்திரம் போதாது. ஆயின், அனுமதிப் பத்திரம் ஒரு சலுகையே. அதனை நீக்குவது நிருவாகச் செயலேயன்றி நீதித் தொழிலன்று. ஆதலால் எழுத்தாணைக்கு இடமில்லை. வியாபாரி தோற்றான். அவனுடைய பிழைப்பே அப்பத்திரத்திற் தங்கியிருந்தமையைத் தீர்ப்பு அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை என்பது என் கருத்து. என் கருத்து யாதாயினும், 1963ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை, பிறைற்றன் நகரப் பொலிஸ் தலைவரின் பதவிநீக்க வழக்கிலே இக்கொள்கையைக் கண்டித்தது. ஒருவனுடைய உரிமையைப் பாதிக்கும் தீர்மானம் எவ்வதிகாரியால் எடுக்கப்படினும் அவனைக் கேளாமல் எடுக்கலாகாது என்று றீட் பிரபு விளக்கினார். 'சலுகைதானே' என்னும் சொல்லின் வலிமை அன்றுமுதல் தேயலாயிற்று.

நீதிமன்றங்களில் இவ்வாறு கருத்து மாறிவந்த அதே ஆண்டுகளில் இலங்கை அரசாங்கம் ஏற்றுமதிக்கு வேறொரு சீட்டைக் கொணர்ந்தது. 1968ஆம் ஆண்டு மே மாதத்திலே தொடங்கிய அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ்த் திட்டமே அது. புதிய பண்டங்களை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டியோருக்கு அதிகாரபூர்வமான நாணயமாற்று வீதத்துக்கு மேலாக மேலதிகத் தொகை கிடைத்தது. தொடக்கத்தில் நூற்றுக்கு 44 ஆக இருந்த அது பின்னர் 65 வரை உயர்ந்தது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மரபுவழிப் பண்டங்கள் இதினின்றும் விலக்கப்பட்டன. இதன் பொருளை மாணவர் ஓர் எளிய கணக்கினால் அறியலாம். மேலதிக வீதம் 65 ஆக இருந்த காலத்தில், அதிகாரபூர்வ வீதப்படி நூறு ரூபா பெறுமதியான டொலரைப் புதிய பண்டமொன்று கொணர்ந்தால் அதனை அனுப்பியவன் 165 ரூபா பெற்றான். அதேயளவு டொலரைத் தேயிலை கொணர்ந்தால் நூறு ரூபாவே. அதிலிருந்தும் ஏற்றுமதித் தீர்வை கழிக்கப்பட்டது. நாட்டுக்கு மிகுதியான அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்த பண்டமே மிகக் குறைந்த விலையில் அதனை ஒப்படைக்க நேர்ந்தது. 1977ஆம் ஆண்டு நவம்பரில் இரு வீதங்களும் ஒன்றாக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது.

தேயிலை வேறெங்கும் பிடுங்கி நடவியலாத பயிர். எத்துணை இறுக்கினும் அது மலையைவிட்டு ஓடாது என்பதே இக்கொள்கையின் சொல்லப்படாத நியாயம். கறவை மாட்டைக் கட்டிவைத்து, கன்றுகளுக்குப் புண்ணாக்கு வாங்கிய கதைதான். சீட்டு மறுக்கப்பட்டவனுக்கு அதனைக் கோரி வழக்கிடவும் வழியில்லை. ஏனெனில் அவனுக்கு எவரும் வாக்குறுதி கொடுக்கவில்லை. வாக்குறுதி கொடுக்கப்பட்டவன் நிலை வேறு. அதனைக் காண நாம் பாக்கு நீரிணையைக் கடத்தல் வேண்டும். இலங்கை நீதிமன்றங்களிலும் எடுத்தாளப்படும் கோட்பாடுகள் பல அங்கே வளர்ந்தவையாதலின் இப்பயணம் வீணன்று.

1962ஆம் ஆண்டில் இந்திய ஆடைத்துறை ஆணையாளர், கம்பளிப் பண்டங்களை ஏற்றுமதி செய்வோருக்கு அவற்றின் பெறுமதிக்கு முழுவதும் சமமான மூலப்பொருளை இறக்குமதி செய்யும் உரிமை வழங்கப்படும் என்று அறிவித்தார். அமிர்தசரசிலுள்ள இந்தோ-ஆப்கான் ஏஜென்சீஸ் என்னும் நிறுவனம் ஆப்கானிஸ்தானத்துக்கு ஐந்து இலட்சத்து மூவாயிரம் ரூபாவுக்குச் சற்று மேற்பட்ட பெறுமதியுள்ள கம்பளிகளை அனுப்பிற்று. அதற்குக் கிடைத்த உரிமைச் சான்றிதழோ இரண்டு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானது. சரக்கின் விலை கூட்டிக் காட்டப்பட்டதென்பது அதிகாரிகளின் எண்ணம். ஆனால் அதனை நிறுவனத்துக்குத் தெரிவித்து விளக்கம் கேட்டாரல்லர். வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது அரசாங்கத் தரப்பு, இத்திட்டம் வெறும் நிருவாக அறிவித்தலே, சட்டமன்று. அதிலிருந்து உரிமை பிறவாது என்று வாதித்தது. 1967ஆம் ஆண்டு நவம்பரில் நீதிபதி ஷா வழங்கிய தீர்ப்பு அவ்வாதத்தை ஏற்கவில்லை. அரசாங்கத்தின் வாக்கை நம்பி ஒருவன் தன் நிலையை மாற்றிக்கொண்டபின், அவ்வாக்கு எழுத்துச் சட்டத்தின் வடிவிலே இல்லையென்று சொல்லி அரசாங்கம் விலகிக்கொள்ள முடியாது. தன் கடமை எதுவென்று தானே ஒருதலையாகத் தீர்மானிக்கவும் முடியாது என்று நீதிமன்றம் கூறிற்று. விலையில் ஐயமிருந்தால் விசாரிக்கலாம். ஆயின் மறுதரப்பையும் கேட்டே விசாரித்தல் வேண்டும்.

இத்தீர்ப்புடன் வினா தீர்ந்தது என்று நினைப்பது பிழை. வாக்கை நம்புவோர் யாவரும் நல்லோர் அல்லர் என்பதைக் காட்டிற்று அடுத்த பெருவழக்கு. 2003ஆம் ஆண்டு ஏப்பிரலில் தொடங்கிய நிதியாண்டுக்கு இந்திய அரசாங்கம் புதியதோர் ஊக்கத்தை அறிவித்தது. 25 கோடி ரூபாவுக்குக் குறையாத ஏற்றுமதியுள்ள தகுதிபெற்ற நிறுவனம் முந்திய ஆண்டினும் நூற்றுக்கு 25க்கு மேல் வளர்ச்சி காட்டினால், வளர்ந்த தொகையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு தீர்வை வரவாகக் கிடைக்கும். பத்து என்பது சிறிய வீதமன்று. சில நிறுவனங்களின் ஏற்றுமதி அவ்வாண்டில் வியக்கத்தக்கவாறு பெருகிற்று. பெருகியவை பெரும்பாலும் தங்கமும் வைரமும். எடை குறைந்து விலை மிகுந்த பண்டங்கள், அனுப்புவதும் எளிது, திருப்பிக் கொணர்வதும் எளிது. 2004 ஜனவரி 28ஆம் திகதி அரசாங்கம் விழித்தெழுந்து, இத்தகைய பண்டங்களின் ஏற்றுமதி வளர்ச்சிக் கணக்கிற் சேராது என அறிவித்தது. ஆண்டு முடிய இரண்டு மாதங்களே இருந்தன. ஏற்கெனவே அனுப்பப்பட்ட சரக்குக்கும் அவ்வறிவித்தல் செல்லும் என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடு. பரீட்சை எழுதி விடைத்தாளைக் கொடுத்தபின் சித்தியடையும் புள்ளியை உயர்த்தினால் மாணவர் வாளாவிருப்பரோ? ஏற்றுமதியாளரும் வாளாவிருக்கவில்லை. உயர் நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று மாறாகத் தீர்ப்பளிக்க, கனக் எக்ஸ்போர்ட்ஸ் வழக்கு என்னும் பெயரால் எல்லாம் ஒருங்கே உச்ச நீதிமன்றத்தை அடைந்தன.

2015 அக்டோபர் 27ஆம் திகதி நீதிபதிகள் சிக்ரியும் நரிமனும் கூறிய தீர்ப்பு இருபுறமும் வெட்டும் வாள். ஊக்கம் என்பது அரசாங்கம் தன் கொள்கைப்படி அளிப்பது. பொதுநலன் வேண்டினால் அதனைத் திருத்தவும் நிறுத்தவும் அதற்கு உரிமையுண்டு. நீதிமன்றம் எளிதில் தலையிடாது. இது முதற்பகுதி. ஆயின் 1992ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டம் முற்காலத்துக்குச் செல்லுமாறு திருத்தும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு அளிக்கவில்லை. எனவே அறிவித்தலுக்கு முன் நிபந்தனையை நிறைவேற்றியவன் ஈட்டிய பயனைப் பின்னர் வந்த அறிவித்தலாற் பறிக்கவியலாது. இது இரண்டாம் பகுதி. வழக்காடியோர் அகமகிழ்ந்திருப்பர், ஆனால் மூன்றாம் பகுதியும் இருந்தது. உண்மையான ஏற்றுமதி இன்றி, அதே பண்டத்தைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக் காகிதத்திலே வளர்ச்சி காட்டியவன் நிபந்தனையை நிறைவேற்றியவனே அல்லன்; அவனுக்கு முதலிலேயே உரிமை பிறக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டது. ஆகவே கோட்பாட்டில் வென்ற ஏற்றுமதியாளர் சிலர் கைப்பொருளில் தோற்றனர். நேர்மையாய் ஈட்டியதைப் பாதுகாக்கும் சட்டம், சூதால் ஈட்டியதற்கும் நிழல் கொடுத்தல் ஆகாதன்றோ?

உள்நாட்டு நீதிமன்றத்துக்கு அப்பாலும் இச்சீட்டுக்கு ஒரு வழக்குமன்றம் உண்டு. உலக வர்த்தக நிறுவனத்தின் விதிப்படி, ஏற்றுமதியான பண்டத்தின்மீது முன்னர் வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுப்பது குற்றமன்று. அதற்கு மேலாகக் கொடுப்பதே விலக்கப்பட்ட உதவி. 2018ஆம் ஆண்டிலே அமெரிக்கா தொடுத்த முறைப்பாட்டை விசாரித்த குழு, 2019 அக்டோபர் 31ஆம் திகதி, இந்தியாவின் பண்ட ஏற்றுமதி ஊக்கத் திட்டம் முதலிய சில திட்டங்கள் அவ்விதிக்கு மாறானவை என்றது. இந்தியா மேன்முறையீடு செய்தது. 2019 டிசெம்பரில் மேன்முறையீட்டு மன்றம் போதிய உறுப்பினரின்றி முடங்கியது. எனினும் அத்திட்டம் 2020 முடிவோடு நிறுத்தப்பட்டு, 2021 ஜனவரி முதல் உண்மையாகச் செலுத்திய வரிகளையே திருப்பித் தரும் புதிய திட்டம் வந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் இங்கிருந்து சென்று நீலகிரியிற் குடியேறிய நம்மவரும் ஆண்டுப் பறிக்கும் தேயிலை இத்தகைய சீட்டுகளோடு கப்பலேற, அவர்தம் உறவினர் இங்கே பறிக்கும் தேயிலை, 2010 நவம்பர் முதல் கிலோவுக்கு 3 ரூபா 50 சதம் விளம்பர வரியாக விதிக்கப்பட்ட நிலையிலே கப்பலேறியது. ஒரே குடும்பத்தின் கைகள், இரு கரைகளிலும் இருவேறு கணக்குகள்!

இலங்கையிலே இன்று அரசாங்கத்தின் வாக்கை நம்பி ஏமாந்தவன் செல்லக்கூடிய வழிகள் நக்குடா அலியின் காலத்தினும் அகன்றவை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின்கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். 12ஆம் உறுப்புரை கூறும் சட்டத்தின் முன் சமத்துவம் மீறப்பட்டதென்று 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்கும் செல்லலாம். நியாயமான எதிர்பார்ப்பு என்னும் கோட்பாட்டை நம் நீதிமன்றங்களும் ஏற்றுள்ளன.

ஆயின் ஊக்கம் என்னும் சொல் துறைமுகத்தில் மாத்திரமன்றிப் பெரட்டுக்களத்திலும் வழங்குகின்றது. 2016ஆம் ஆண்டு அக்டோபரிற் கைச்சாத்திடப்பட்ட கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 730 ரூபா எனப்பட்டது. அதனைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்: அடிப்படைச் சம்பளம் 500, வரவுக்கான ஊக்கத்தொகை 60, உற்பத்தித் திறனுக்கு 140, விலைப் பங்கு 30. வரவு ஊக்கத்தொகை குறித்த நாட்களில் நூற்றுக்கு 75 வேலைக்கு வந்தவருக்கே உரியது. உற்பத்தி ஊக்கத்தொகை தோட்டம் குறித்த நிறையை எடுத்தவருக்கே உரியது. மழையிற் கொழுந்து நனைந்ததென்று கழிக்கும் கிலோவும், தராசடியிற் கழிக்கும் கிலோவும் இந்த 140 ரூபாவைத் தீர்மானிக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்குமாகத் தொழில் கொள்வோர் செலுத்திய நூற்றுக்கு 15, அடிப்படைச் சம்பளமாகிய 500இன் மீதே கணிக்கப்பட்டு 75 ரூபாவாயிற்று. 730 முழுவதும் சம்பளம் என்று எழுதப்பட்டிருந்தால் அது 109 ரூபா 50 சதமாகியிருக்கும். ஒரு சொல்லுக்கு நாளொன்றுக்கு 34 ரூபா 50 சதம் விலை! 2019 ஜனவரியில் வந்த அடுத்த ஒப்பந்தம் அடிப்படையை 700 ஆக்கி, விலைப் பங்கை 50 ஆக்கி, வரவு, உற்பத்தி என்னும் இரு ஊக்கத்தொகைகளையும் நீக்கிற்று. மொத்தம் 750. இருபது ரூபாவே கூடிற்று என்று பலர் குறைகூறினர். அக்குறை நியாயமானதே. எனினும் சேமலாப, நம்பிக்கை நிதிகளுக்கான தொகை 75இலிருந்து 105 ஆனது. முன்னர் நிபந்தனையின்மேல் நின்ற பணத்தின் ஒரு பகுதி நிபந்தனையற்ற சம்பளமாயிற்று.

இந்தோ-ஆப்கான் வழக்கின் நியாயத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். அங்கே நிபந்தனையை விதித்த அரசாங்கம், அது நிறைவேறியதா என்பதைத் தானே ஒருதலையாகத் தீர்மானித்தமையை நீதிமன்றம் கண்டித்தது. தோட்டத்திலே நிறையைக் குறிப்பவரும், தராசைப் பிடிப்பவரும், 'அரைப்பேர்' என்று எழுதுபவரும் ஒரே தரப்பினர். அரசாங்கத்துக்கெதிரான எழுத்தாணை இங்கே பயன்படாது. இது தொழில் வழங்குவோருக்கும் தொழிலாளருக்கும் இடையிலான ஒப்பந்தம். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமே இதற்கான வழி. அச்சட்டத்தின்கீழ் நிறையைப் பற்றிய பிணக்கொன்றை நடுத்தீர்ப்புக்குக் கொண்டுசெல்ல விரும்பும் தொழிலாளியின் கையில் இருக்கவேண்டியது, நாள்தோறும் எத்தனை கிலோ நிறுக்கப்பட்டது, எத்தனை கழிக்கப்பட்டது, யாது காரணத்தால் என்னும் மூன்றும் எழுதிய துண்டு. ஏற்றுமதியாளனின் வழக்கை வெல்வித்தது கப்பற் பத்திரம். கொழுந்து பறிப்பவளுக்கு அதற்கு ஒத்த பத்திரம் அத்துண்டே.